ரோஸ்லின் சிஸ்டர் பார்த்து வாங்கிய வீடு

ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் 'ரோஸ்லின் சிஸ்டர்' என்ற பெயர். முந்தைய நாள் மாலைதான் பேசியிருந்தோம். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரை விட்டுச் சற்று விலகி நிற்கிறதா என்று, அடுத்த தடவை வரும்போது வேலை முடியாத என் வீட்டிலும் பார்க்கச் சொல்லியிருந்தார். அதைப் பற்றித்தான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து, "சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.

மறுமுனையில் அவருடைய கணவர் சாமுவேலின் குரல்.

"கம்பவுண்டரே, அவ போயிட்டா."

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

நிஜமாகவே எனக்குப் புரியவில்லை. சந்தைக்குப் போனாரா, சர்ச்சுக்குப் போனாரா, எதற்கு இவர் இப்படிப் பேசுகிறார் என்றுதான் என் புத்தி போனது. சாமுவேல் அழ ஆரம்பித்த பிறகும் சில கணங்கள் நான் அந்தக் கேள்வியிலேயே நின்றேன். இதை எழுதும் இன்றும் அங்கிருந்து முழுதாக நகர்ந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

மூணாறுக்கு மேலே நம் எஸ்டேட்டில் வேலை பார்த்த உங்களுக்கு ரோஸ்லின் சிஸ்டரைப் பற்றி நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ், நான் மருந்து கொடுப்பவன். எனக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது, எல்லோருக்கும் நான் கம்பவுண்டர்தான். ஆனால் வீடு வாங்கிய சிஸ்டரை உங்களில் பலர் பார்த்ததில்லை. அவருடன் அலைந்தவன் நான் என்பதால் அதை நான்தான் சொல்ல வேண்டும்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சு இளைப்பு. மருந்து கொடுத்தால் அடங்கும், சில நாளில் மறுபடியும் தாய் தூக்கிக்கொண்டு வருவாள். டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார். ஒரு நாள் வேலை முடிந்ததும் சிஸ்டர் குடையை எடுத்தார். "நீங்க மருந்தக் கட்டி வைங்க கம்பவுண்டரே, நான் அந்த வீட்டுச் செவத்தப் பாத்துட்டு வாரேன்" என்றார். குழந்தையைப் படுக்க வைக்கும் பாய்க்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாராம். மலைச்சரிவிலிருந்து இறங்கும் தண்ணீர் அந்தச் சுவருக்குள்தான் ஊறிக்கொண்டிருந்தது. மறுநாள் மேனேஜர் பங்களாவுக்கே போய், வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் வெட்ட வைத்தார். இளைப்பு நின்றது. அதற்குப் பிறகு லயத்து வீடுகளில் எது ஒழுகும், எது ஓதம் காக்கும் என்பது சிஸ்டருக்கு அத்துப்படி.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நம் எல்லோருக்கும் இருந்த பயம்தான் அது. இரண்டு குடும்பமும் சேர்ந்து கீழே இறங்குவது என்று முடிவெடுத்தோம். பாலக்காட்டின் கிழக்கு ஓரம் எங்களுக்குப் பிடித்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகள் பக்கம், காதில் விழுவதும் தமிழ். வேலந்தாவளத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓய்வு பெற்றவர்களுக்கென்றே புதிதாக வீடுகள் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனோம்.

அங்கே விற்பனையைக் கவனித்தவர் நல்ல மனிதராகவே பேசினார். "வாங்கம்மா, வாங்க சார். மொதல்ல ஹாலப் பாருங்க, அப்பறம் கிச்சன் பாக்கலாமுங்க" என்று முன்னால் நடந்தார். பளபளக்கும் தரை, வாசலில் பூந்தொட்டி. என் மனைவி பார்வதி சமையலறை மேடையைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். சிஸ்டர் ஹாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய், "ஒரு வாளி தண்ணி கெடைக்குமா?" என்றார்.

வாளி வந்தது. மூலையில் நின்று மெதுவாகத் தரையில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் யோசிப்பதுபோலத் தேங்கி, பிறகு வடிகால் துளையை விட்டுவிட்டுப் படுக்கையறை வாசலை நோக்கி வந்தது.

"எங்கிட்டுப் போகுதுன்னு பாத்தீங்களா?" என்றார் சிஸ்டர்.

"அது சின்ன விசயமுங்கம்மா. நீங்க குடி வர்றதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்தர்றோமுங்க."

"நாளைக்கு எழுபத்தஞ்சு வயசுல நான் இந்த ஈரத்துல வழுக்கி விழுந்தா, அது சின்ன விசயம் இல்லைங்களே."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் 'ஊசி கொஞ்சம் வலிக்கும்' என்று சொல்கிற அதே குரல். பிறகு ஒரு நாணயத்தை எடுத்துத் தரைக் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் சத்தம் கெட்டியாக வந்தது, சில இடங்களில் அடியில் ஒன்றுமே இல்லாததுபோல வந்தது. கதவுகளைப் பாதி திறந்து கையை எடுத்தார். ஒரு கதவு தானாகவே போய்ச் சாத்திக்கொண்டது. அந்த மனிதரின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே சங்கடமாக இருந்தது.

திரும்பும்போது வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மாவிடம் சிஸ்டர் சும்மா கேட்பதுபோல, "இந்த எடம் முந்தி என்னவா இருந்துச்சும்மா?" என்றார்.

"இதுங்களா? நெல்லு வெளைஞ்ச வயலுங்க. ரெண்டு கோடைக்கு முன்னால லாரி லாரியா மண்ணக் கொட்டி மேடு பண்ணுனாங்க."

சிஸ்டர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டார். நம் கேரளத்து ஆதாரப் பத்திரங்களில் வயலென்றால் 'நிலம்' என்றும், வீடு கட்டும் மனையென்றால் 'புரையிடம்' என்றும் எழுதியிருப்பார்கள். வில்லேஜ் ஆபீசில் அதைப் பார்க்காமல் ஒரு வார்த்தையும் கொடுக்கக் கூடாது என்றார். அது மட்டுமல்ல, கொட்டிய மண் இறங்குகிறதா என்று மழையில் இன்னொரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றார்.

பஸ்ஸில் எங்களுக்குள் வாக்குவாதம். எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. "நீங்க பாக்குற மாதிரி பாத்தா, ஒருத்தரும் வீடு வாங்க முடியாது சிஸ்டர்" என்றேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான் கம்பவுண்டரே" என்றார். பொள்ளாச்சி வந்ததும் சாமுவேல்தான் நடுவில் இருந்து எல்லோருக்கும் கடலை வாங்கிக் கொடுத்தார்.

மழைக்காலத்தில் போனோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அன்று அந்த விற்பனைக்காரர் எங்களை எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் சட்டத்தின் கீழே சுவர் கறுத்திருந்தது. பின்பக்க மதில் வெளியே சாய ஆரம்பித்திருந்தது. வாசல்படி வீட்டை விட்டுப் பிரிந்து கீழே இறங்கியிருந்தது, இடுக்கில் என் விரல் முழுதாக நுழைந்தது. பார்வதி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்த சமையலறையை அன்று அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"புது ஊடுன்னா அப்படித்தானுங்க. ஒரு வருசத்துல செட்டில் ஆயிருமுங்க" என்றார் அவர்.

"நாங்க செட்டில் ஆகத்தான் வீடு தேடுறோம். வீடு செட்டில் ஆகுறவரைக்கும் எங்களால காத்திருக்க முடியாதுங்க" என்றார் சிஸ்டர். அந்த மனிதரும் சேர்ந்து சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, எங்க அப்பனாத்தாளுக்கு வாங்கறதா இருந்தா நானும் இப்படித்தான் பாப்பனுங்க" என்றார். சிஸ்டர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

கடைசியில் நாங்கள் வாங்கியது அங்கிருந்து சில மைல் தள்ளி, அடியில் பாறை தட்டும் மேட்டு நிலத்தில். பூந்தொட்டி, பளபளப்பு ஒன்றும் கிடையாது. பூச்சு வேலை நடந்துகொண்டிருந்த சமயம். எல்லாம் பார்த்த பிறகும் சிஸ்டர் திருப்தியடையவில்லை. "நம்ம கண்ணுக்குத் தெரியுறது பாதிதான். மீதிக்குப் படிச்சவங்க வேணும்" என்று, கட்டியவர்களோடு சம்பந்தமில்லாத ஓர் எஞ்சினியரை அழைத்து வந்தார். அந்தப் பெண் அஸ்திவாரத்தின் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள், ஒழுகுகிறதா என்று பார்க்க மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்தி வைத்தாள், கம்பி வெளியே தெரிந்த ஓரிடத்தை உடைத்துத் திரும்பப் போடச் சொன்னாள். சிஸ்டர் அவள் பின்னாலேயே நடந்து, புரியாத ஒவ்வொன்றையும் கேட்டார். அதன் பிறகுதான் சரி என்றார். அடுத்தடுத்த இரண்டு வீடுகள். அவர்கள் முதலில் குடிபோனார்கள். என் வீட்டில் வேலை கொஞ்சம் பாக்கி, அது முடியும்வரை நாங்கள் மேலே எஸ்டேட்டிலேயே இருந்தோம்.

அவர் அங்கே ஒரு மாதம்கூட முழுதாக இருக்கவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பக்கத்து வரிசையில் குடியிருக்கும் ஓர் அம்மா எனக்குச் சொன்னார். காலையில் சிஸ்டர் கொடியில் துணி காயப்போட்டுவிட்டு, இவரிடம் வேலிப்பக்கம் நின்று பேசியிருக்கிறார். நெஞ்சு என்னவோ செய்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போயிருக்கிறார். சாமுவேல் கூப்பிட்ட சத்தம் கேட்டு இவர் ஓடியிருக்கிறார். ஆம்புலன்ஸும் சீக்கிரமே வந்திருக்கிறது.

வீடு வாங்கும்போது சிஸ்டர் ஒரே ஒரு மாற்றம்தான் கேட்டிருந்தார். படுக்கையறை வாசலையும் முன்வாசலையும் அகலப்படுத்த வேண்டும், நடுவில் ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் வேண்டும். லயங்களில் நோயாளிகளைச் சாய்த்தும் நிமிர்த்தியும் வெளியே கொண்டுவந்த கஷ்டம் அவருக்குத் தெரியும். கட்டியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நிலையைக் கழற்றி மாற்றினார்கள். சாமுவேலுக்கு இளைப்பு உண்டு என்பதால், அவருக்காகத்தான் கேட்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அன்று அந்த வழியாக ஸ்ட்ரெச்சர் எங்கும் இடிக்காமல், ஒரு தடவைகூடச் சாயாமல் வெளியே போனது. "நேரா கொண்டுட்டுப் போனாங்க" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டால் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஹாலில் கிடத்தியிருந்தார்கள். கொடியில் அவர் போட்ட துணி காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாமுவேலின் உறவினர் ஒருவர் என் பக்கத்தில் நின்று, "புது வீடு ராசி இல்ல. வந்தவுடனே பலி வாங்கிருச்சு. பேசாம வித்துட்டுப் போயிரலாம்" என்று இன்னொருவரிடம் சொன்னார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "வீட்டைச் சொல்லாதீங்க" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த வீட்டுல ஒரு குத்தமும் இல்ல. அவங்க பாத்த வீடு இது." வெளியே போய் நின்றேன்.

மறுநாள் எஸ்டேட் சர்ச் கல்லறையில் அடக்கம். மேலே ஏறும் ரோடு நெடுக நீங்கள் நின்றிருந்தீர்கள். தேயிலைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவர்களும் இருந்தீர்கள். என்னைப் பார்த்து நீங்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி, "என்ன கம்பவுண்டரே, நல்லாத்தானே இருந்தாங்க?" ஆமாம், நல்லாத்தான் இருந்தார்.

திருப்பூரில் இருக்கும் அவர்கள் மகன் அப்பாவைத் தன்னோடு கூப்பிட்டான். சாமுவேல் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து நான் பார்க்கப் போனபோது, சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, கீழே ஒரு பாத்திரம் வைத்திருந்தார். "மெயின் வால்வு எங்க இருக்குன்னு தெரியல கம்பவுண்டரே. எல்லாம் அவதான பாத்தா. நான் கடலை தின்னுக்கிட்டு நின்னேன்" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். வால்வு, கழிவுத்தொட்டியின் மூடி, மின்சாரப் பெட்டி, எது எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் தன் வீட்டை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். முடிந்ததும் படியில் உட்கார்ந்து, "நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

சென்ற வாரம் என் வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கட்டியவர்களின் ஆள் வந்தார். அவருக்கு வேறு வேலை இருந்தது, சீக்கிரம் முடித்துவிட்டுப் போக நினைத்தார். முன்பென்றால் நான் சாவியை வாங்கிக்கொண்டு, அவருக்கு டீ கொடுத்து அனுப்பியிருப்பேன். ஒருவரைக் காக்க வைப்பது எனக்கு எப்போதும் கூச்சம். சிஸ்டருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. யாரையும் புண்படுத்தாமல், யாருக்காகவும் அவசரப்படாமல், கேட்க வேண்டியதைக் கேட்டு முடிப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

"நீங்க உக்காருங்க. நான் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி உள்ளே போனேன். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டேன். விளக்குகளை எல்லாம் போட்டேன். அவர் வாசலில் நின்று இரண்டு முறை இருமினார். நான் அடுத்த அறைக்குப் போனேன்.