மூன்றாவது உழக்கு

சகோதரிமாரே, ஆவணி இருபதாம் தேதி எங்கள் அரிசிப் பானை காலியானது. மாதம் முழுக்க வர வேண்டிய அரிசி அது. வீட்டில் நானும் என் புருஷனும் இரண்டே பேர், நாளுக்கு ஆளுக்கொரு உழக்கு. எங்கள் ஒரே மகள் எஸ்தர், ஏழு வயசு, ஆடியில் பேதி கண்டு போய்விட்டாள். என் புருஷன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பருத்தி வண்டி ஓட்டுகிறவர். பொங்கலுக்குள் ஐந்து ரூபாய் வட்டி கட்டாவிட்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவேன் என்று கடன் கொடுத்தவர் சொல்லிவிட்டார். மாடு போனால் பிழைப்பும் போச்சு.

நான் மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு படித்தவள். கணக்கில் கெட்டி என்று கொஞ்சம் கர்வமும் உண்டு. எஸ்தருடைய சிலேட்டை எடுத்துப் புரட்டாசி முதல் நாளிலிருந்து செலவை எழுதினேன். உப்பு, எண்ணெய், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை. அரிசிக்கு மட்டும் உழக்குக்கு ஒரு கோடு. சிலேட்டின் பின்பக்கம் அவள் எழுதிய அ, ஆ அப்படியே இருந்தது. துடைக்க மனசு வரவில்லை.

அந்த மாதமும் அரிசி இருபதாம் நாளே தீர்ந்தது. சுருக்குப் பையில் தினமும் காலணா குறைந்தது. கள்ளன் என்றால் காலணாவோடு விடுவானா? கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

கடனாக அரிசி தந்த பக்கத்து வீட்டு வெங்கம்மாக்கா காதோடு சொன்னாள்: "ஏட்டி, பிள்ள இன்னும் போகல. அதுதான் திங்குது. பேயோட்டுத கோடாங்கிய வரச் சொல்லவா? ரெண்டு ரூவா கேப்பான்."

அன்று பட்டப்பகலில்கூட அடுப்படிக்கு முதுகு காட்ட முடியவில்லை. ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், பயத்தோடு ஆசையும் இருந்தது. அவள்தான் என்றால் வயிறாரச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னை முழங்காலில் விழ வைத்தது. "ஆண்டவரே, இந்த வீட்டில் சாப்பிடுவது யார்? காட்டும்." மூன்று நாள் இதே ஜெபம்.

தினமும் காலையில் சோறு வடித்துவிட்டுக் கிணற்றுக்குப் போவேன். அவர் தன் பங்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பும்போது பானையில் என் பங்கு இருக்கும். மூன்றாம் நாள் கிணற்றுக் கயிறு அறுந்துபோனது. வெறுங்குடத்தோடு வாசலில் கால் வைத்தேன். உள்ளே குரல் கேட்டது.

"தாயி, வா. அம்மா வாரதுக்குள்ள போயிருவோம்."

குடம் கை நழுவியது. உள்ளே அவர் மட்டும்தான். முன்னால் இரண்டு சோற்றுப் பொட்டலம், கையில் காலணா. ரோட்டோரக் கல்லறைத் தோட்டத்தில் தினமும் அவளுக்குச் சோறும் மிட்டாயும் வைத்துவிட்டுப் போகிறாராம்.

"மாடு போகப் போவுது, நீங்க கல்லறைக்குச் சோறு கொண்டு போறீகளா?" என்று கத்தினேன்.

அவர் விழித்தார். "நீதான தெனமும் மூணு உழக்கு போடுத? அவளுக்குன்னு நீ போட்ட பங்கத்தான கொண்டு போறேன். பாத்தா அழுவியேன்னு சொல்லல."

நான் எங்கே போட்டேன்? சிலேட்டைத் தூக்கினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மும்மூன்று கோடு. எல்லாம் நான் இழுத்தவை. நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் என் கையாலேயே பதிலை எழுத வைத்திருந்தார், எனக்குத்தான் கண் தெரியவில்லை. பிள்ளை போன பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றுதான்.

மறுநாள் இரண்டு உழக்கு போட்டு இரண்டு கோடு இழுத்தேன். என் மகளை நான் அடக்கம் பண்ணியது அன்றைக்குத்தான்.

மிச்சப்பட்ட அரிசிக் காசும் காலணாக்களும் சேர்ந்து பொங்கலுக்குள் வட்டி கட்டினோம். ஸ்தோத்திரம், மாடு எங்கள் தொழுவத்தில் நிற்கிறது.

உங்கள் வீட்டிலும் கணக்கு எங்கேயாவது இடிக்கிறதா? கோடாங்கியைத் தேடாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதி ஆண்டவர் முன் வையுங்கள், அவர் காட்டுவார். இன்றும் சில நாள் காலையில் மூன்றாம் தரம் என் கை தானாகப் பானைக்குள் போகிறது. இப்போது பயமில்லை. ஒரு பிடி மட்டும் அள்ளிச் சபைக்கென்று வைத்து, "எஸ்தர்" என்று எழுதுகிறேன். சாயங்காலம் என் புருஷன் வந்ததும் கணக்கை வாசிக்கச் சொல்வார், அந்த வரியை மட்டும் இரண்டு தரம்.