பத்தில் ஒரு அழைப்பு

அலுவலகத்தில் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காது பெரிது என்பதற்காக இல்லை. அவளுக்குச் சம்பளமே காதுக்குத்தான்.

நகரசபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கருத்துக்கணிப்பு நடத்தும் அந்த நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் வரிசை வரிசையாக ஆட்கள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் தானாக ஒரு நம்பரைப் போடும். எடுப்பவர் வாக்காளர் என்றால் ஆரம்பித்துவிடுவார்கள். நகரத்தின் பெரிய பிரச்சினை எது? முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்? ஐந்து வருஷம் கழித்து இந்த நகரத்தில் இருப்பீர்களா?

இந்த அழைப்புகளில் பத்துக்கு ஒன்று அவளிடம் வரும். பேசி முடித்த பதிவைக் கேட்க வேண்டும். கேள்வியை எழுதியிருப்பதுபோலவே கேட்டார்களா, ஆளின் வாயில் பதிலைத் திணித்தார்களா என்று பார்த்து, "சரி" அல்லது "ரத்து" என்று பட்டனை அழுத்த வேண்டும். நம்பர் தெரியாது, பெயர் தெரியாது. குரல் மட்டும்தான்.

தேர்தல் வந்தால் ஊரே பேசும் என்பார்கள். அவளுக்கு அது நிஜமாகவே காதில் விழும். ஒருவர் தண்ணீர் என்பார், அடுத்தவர் குப்பை என்பார், மூன்றாமவர் பக்கத்து வீட்டு நாய் என்பார். "பெரிய பிரச்சினையா? தூங்குறவனை எழுப்பிக் கேள்வி கேக்குறீங்களே, அதுதான்" என்று ஒருவர் போனை வைத்தார். ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே பதில் சொன்னாள். பாதியில், "பஸ் வந்துடுச்சு, என் வோட்டு இந்த டிரைவருக்குத்தான்" என்று ஏறிப் போய்விட்டாள்.

இத்தனை காலம் கேட்டதில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. முதல் கேள்விக்கு எல்லோரும் ஊரில் பேசிக்கொள்வதைத்தான் சொல்வார்கள். மனதில் கிடப்பது கடைசியில்தான் வரும். "வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொய்யும் அவளுக்குத் தெரியும். சொல்லப் பிடிக்காத பதிலுக்கு முன்னால் ஆட்கள் மூச்சை ஒரு தரம் உள்ளே இழுப்பார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவளுக்கு அது கேட்காது. இவளுக்குக் கேட்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்த பதிவில் கேள்வி கேட்டவள் ரேடியோ. குரல் நன்றாக இருக்கும், நிறுத்தத்தான் தெரியாது. அதனால் அந்தப் பெயர். வழக்கம்போல முதலில், கணிப்பில் சேர்க்கக் கூடாதவர்களைத் தள்ளிவிடுவதற்கான கேள்வி:

"சார், உங்க வீட்டுல யாராவது பத்திரிகையிலயோ, கட்சியிலயோ, கருத்துக்கணிப்பு கம்பெனியிலயோ வேலை செய்றாங்களா?"

"இல்லீங்க."

காதக்காவின் கை மவுசின் மேல் அப்படியே நின்றது. பின்னால் மோட்டார் ஒன்று ஓடி நிற்கும் சத்தம். லிஃப்ட் அறை. குரல் அவள் வீட்டுக்காரருடையது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரம் முழுக்க உயரமான கட்டடங்களில் மற்றவர்களை மேலே ஏற்றி இறக்குவது அவர் வேலை. குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடி. இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது.

"நகரத்தின் பெரிய பிரச்சினைன்னு எதை நினைக்கிறீங்க?" ரேடியோ கேட்டாள். "தண்ணீர், வாடகை, போக்குவரத்து, குப்பை, பாதுகாப்பு..."

"நேரம்."

"அது லிஸ்ட்ல இல்லீங்களே சார்."

"அப்போ போக்குவரத்துன்னு போட்டுக்கோங்க. லிஃப்ட்ல மாட்டினவங்க போன் பண்ணி என்னைத் திட்டுறாங்க. நான் சிக்னல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு பேரும் நகர முடியாம போன்ல பேசிக்கிட்டு இருக்கோம். இதுதான்மா என் பொழப்பு."

ரேடியோ சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது. அதற்கு ஒரு மார்க் குறைக்க வேண்டும். காதக்காவுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"அஞ்சு வருஷம் கழிச்சு இந்த நகரத்துல இருப்பீங்களா?"

மூச்சு உள்ளே போனது. "இருப்பேன்."

கேள்விகள் ஓடின. கடைசியில் ரேடியோ, "வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா சார்?" என்று கேட்டு, அதிசயமாக, வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரு வேலை வந்திருக்கு" என்றார் அவர். "சின்ன ஊரு. ஆஸ்பத்திரி ஒண்ணு, மில் ஒண்ணு, எல்லா லிஃப்டும் ஒரே ரோட்டுல. நடந்தே போயிடலாம். வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடுவேன்னு நினைக்கிறேன்."

"ஏன் சார்?" இதையும் ரேடியோ கேட்டிருக்கக் கூடாது.

"வீட்டுல கேட்டா சரின்னு சொல்லிடுவாங்க. அதான் கேக்கல. சரின்னு சொல்லிட்டு வந்து, அங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதைப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு சிக்னலே மேல்."

பதிவு முடிந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். வேறு பதிவு ஒன்றைத் திறந்து, ஒரு வார்த்தை காதில் ஏறாமல் மூடினாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய், டம்ளரை எடுக்காமலே திரும்பி வந்தாள்.

முதல் பதிலே பொய். அந்த ஒன்று போதும், அழைப்பு ரத்து. இந்த விதியைச் சாப்பிடும்போது அவளே வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்: "நம்ம வீட்டுக்கு போன் வந்தா முதல் கேள்வியிலயே வெச்சிடுவாங்க." அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இல்லை என்றிருக்கிறார். பத்தில் ஒன்று அவள் காதுக்கு வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியானால் அவர் யாரிடம் பேசினார்? ரேடியோவிடமா, தன்னிடமா?

"சரி" என்று அழுத்திவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆயிரம் குரலில் அது ஒரு குரல். போக்குவரத்துக்கு ஒரு ஓட்டு. அவள் அழுத்தவில்லை. மேற்பார்வையாளரிடம் போனாள். மணியையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

"சார், இதை ரத்து பண்ணணும். பேசினது என் வீட்டுக்காரர்."

கடிகாரம் முதல்முறையாக மணியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "நிச்சயமாவா?"

"பதினாறு வருஷமா கேக்குற குரல் சார்."

"ரத்து பண்ணிடுங்க. ஆனா ஒண்ணு. இங்க கேட்டதை வெளியில பேசக்கூடாது. வீட்டுக்காரரா இருந்தாலும்."

"தெரியும் சார். அந்த விதியைப் புதுசா வர்றவங்களுக்கு நான்தானே சொல்லிக்குடுக்கிறேன்."

பட்டனை அழுத்தினாள். திரையில் அந்த வரி சாம்பல் நிறமானது. பக்கத்தில் வந்து நின்ற ரேடியோ, "என்னக்கா, என்னோடதையா ரத்து பண்ணிட்ட? அந்த லிஃப்ட்காரர் எவ்வளவு நல்லாப் பேசினார் தெரியுமா? அவர் பொண்டாட்டி குடுத்து வெச்சவங்க" என்றாள்.

"வாயை மூடிட்டு அடுத்த நம்பரைப் போடு" என்றாள் காதக்கா.

வீட்டுக்குப் போகும் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இந்த நகரத்துக்கு வந்த புதிதில் ரோட்டைக் கடக்கவே அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். இன்று இந்த வேனில் அவளுக்கென்று ஒரு சீட்டு, அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி. பிறந்த ஊரில் இன்னார் மகள், புகுந்த வீட்டில் இன்னார் மருமகள். காதக்கா என்ற பெயரை மட்டும்தான் அவளே சம்பாதித்தாள். வேலை என்று வந்தால் அவரோடு போவாளா? போவாள். அவர் சொன்னது சரி. சரி என்று சொல்லிவிட்டு, அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை வேறு யாரிடமோ சொல்லக் கேட்டதுதான் உறுத்தியது.

அன்று அவர் வந்தபோது மகள் பாடம் முடித்து, பாயில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மாடி ஏறி வந்தவர் வாசலிலேயே குந்தி ஷூவைக் கழற்றினார். அவள் தட்டை வைத்தாள். புதன்கிழமையும் இப்படித்தான். இரண்டு நாளும் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. புதன்கிழமை குழம்பில் உப்பு இரண்டு முறை போட்டிருந்தாள். அவர் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சீக்கிரம் வந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அஞ்சு வருஷம் கழிச்சு நாம இந்த ஊர்ல இருப்போமா?"

அவர் அவளைப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஏதோ உதட்டோரத்தில் வந்தது. "என்ன, ரத்து பண்ணிட்டாங்களா?"

அவளுக்கு அலுவலக விதி நினைவுக்கு வந்தது. சொல்லக் கூடாது. ஒரு சட்டையை இரண்டு முறை மடித்தாள்.

"சரி, சொல்ல வேணாம்" என்றார் அவர். "அஞ்சு வருஷம் கழிச்சா? தெரியல."

"தோராயமா சொல்லுங்க."

"ஆபீஸ்ல பேசுற மாதிரியே பேசுற. நீ சொல்லு முதல்ல. உன்னை யாராவது கேட்டிருக்காங்களா?"

யாரும் கேட்டதில்லை. ஊர் முழுக்கப் பதில் கேட்டவளுக்குச் சொந்தமாக ஒரு பதில் இல்லாதது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மூச்சை உள்ளே இழுக்கப்போனாள். வேண்டாமென்று நிறுத்தினாள்.

"எனக்கு இங்கருந்து போகப் பிடிக்கல. நீங்க தினமும் இப்படி வர்றதும் பிடிக்கல."

"ஒருத்தர் ரெண்டு பதில் சொன்னா ஆபீஸ்ல முதல்ல வந்ததைத்தான் எடுத்துப்பீங்கன்னு சொல்லுவியே."

"ஆமா."

"அப்போ போகப் பிடிக்கல."

"ஆமா. பிடிக்கல."

பாயிலிருந்து மகள், "என்னை ஒருத்தரும் கேக்கலையே" என்றாள்.

"உனக்கு வோட்டு இல்ல" என்றார் அப்பா. ஆனால் முகம் தெளிந்திருந்தது. அவள் பிடிக்கவில்லை என்று சொன்னதில் ஏன் அவருக்கு இத்தனை நிம்மதி என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சரி என்று தலையாட்டாமல், மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டாள். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் சும்மா இருந்தாள். அவர் பேச ஆரம்பித்தார். முட்டிவலியைப் பற்றி, சிக்னலைப் பற்றி, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு வேப்பமரம் நிற்பதாக யாரோ சொன்னதைப் பற்றி. அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் வேனுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் அந்த ஊருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார், ஷூவை மாட்ட வசதியாக.

"வணக்கம் சார். அந்த வேலை விஷயமா..."

"சொல்லுங்க, வர்றீங்களா?"

அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

அவள் செருப்பைப் பாதியில் விட்டுக் குனிந்து, போனின் மேல் கையை வைத்து மூடினாள். "இருங்க. அது நிஜப் பதில் இல்ல."

"நேத்து நீதானே..."

"நேத்து சொன்னது என் பதில், உங்களோடது இல்ல. எனக்கு இன்னும் பிடிக்கல. ஆனா ஊரைப் பாக்காம நானும் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வந்து பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லுங்க."

"பாத்துட்டும் பிடிக்கலன்னா?"

"பிடிக்கலன்னு சொல்லுவேன். வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்."

கையை எடுத்தாள். மறுமுனையில், "ஹலோ? ஹலோ?" என்று கேட்டது. கீழே வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். படியில் இறங்கும்போது மேலிருந்து அவர் குரல் கேட்டது: "ஞாயித்துக்கிழமை வர்றோம் சார். ஆமா, குடும்பத்தோட."

இந்த முறை மூச்சுச் சத்தம் இல்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று, அதை இன்னொரு தரம் கேட்க முடியுமா என்று பார்த்தாள். ஹாரன்தான் கேட்டது. ஓடினாள்.