நிற்கச் சொன்ன கை

யாரும் துரத்தவில்லை. அதை முதலில் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். லனெட் புரூயிட்டைக் கல்லூரி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது என்று, தன் அழகுக் கடையில் வருகிறவர்கள் முடிக்குச் சுருள் போட்டுக்கொண்டே வான்டா ஊர் முழுக்கப் பரப்புகிறாளே, அது பொய். புருஷனோடு சண்டை என்பதும் பொய். பெரிய கல்லூரி பணத்தைக் காட்டி இழுத்துக்கொண்டது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பொய். அவள் போயிருக்கிற இடத்தில் மைதானமே கிடையாது. மாடு மேய்கிற வெளிதான் இருக்கிறது.

லனெட் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பிறந்த வீடு அப்படி. கோதுமை விளைய விளைய, டெக்சாஸில் தொடங்கி வடக்கே டகோட்டா வரைக்கும் அறுவடை இயந்திரத்தோடு போகிற குடும்பம். வெட்டி முடித்த வயலில் ஒரு நாள் அதிகம் தங்கினால் அவள் அப்பாவுக்குக் கால் அரிக்கும். அந்த அரிப்பு அப்படியே இவளுக்கு வந்தது. தேவாலயத்தில்கூடப் பின்சுவர் ஓரம் நடந்துகொண்டே பிரசங்கம் கேட்பாள். "உனக்கு ஒரு நாற்காலி வாங்கினது வேஸ்ட்டு" என்பான் அவள் புருஷன் டாய்ல். டயர் கடை வைத்திருக்கிறான், பொறுமைசாலி.

அவள் கல்லூரியில் சாஃப்ட்பால் என்கிற மட்டைப்பந்து ஆடிய காலத்தில் ஆண்கள் குழு கழற்றிப்போட்ட சட்டைதான் பெண்களுக்கு. பிறகு இந்த ஊர்க் கல்லூரிக்கே பயிற்சியாளராக வந்தாள். பெயர்தான் பயிற்சியாளர். வேன் ஓட்டியது அவள், சட்டை துவைத்தது அவள். கம்பிவலைத் துண்டைத் தன் பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செம்மண்ணைச் சமன் செய்ததும் அவள்தான். மழை பெய்து தண்ணீர் தேங்கினால், பூனை கழிக்க வைக்கிற மண்ணை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டி உறிஞ்சவைப்பாள்.

"உன் வீட்ல எத்தனை பூனைடி இருக்கு, லனெட்?" என்று கடைக்கார டெல்பர்ட் கேட்டான்.

"ஒரு டீமே இருக்கு. எல்லாம் நல்லா ஓடும்."

பந்தை அடித்தவள் மூன்று பேஸ்களைச் சுற்றி, அடித்த இடமான ஹோமுக்கே திரும்பி ஓடி வர வேண்டிய ஆட்டம் அது; லனெட் நிற்பது மூன்றாவது பேஸ் பக்கத்தில். ஓடி வருகிற பெண் பந்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பயிற்சியாளரின் கையைத்தான் பார்க்க வேண்டும். கை சுழன்றால் ஓடு, ஹோமைத் தொடு, ஒரு ரன். இரண்டு கையும் மேலே போனால் நில். லனெட்டின் கை சுழலும். சந்தேகம் வந்தாலும் சுழலும். காற்றாலை என்றே அவளுக்குப் பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் எத்தனை பெண்கள் ஹோமுக்கு முன்னால் புழுதியில் விழுந்து அவுட் ஆனார்கள்! "யாராவது அவ கையைக் கட்டிப் போடுங்கப்பா!" என்று கூட்டம் கத்தும். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எதிரணிக்காரி அவசரத்தில் தப்பாக எறிவாள் என்று அவளுக்குத் தெரியும். எறிந்தார்கள். கோப்பைகள் வந்தன. அப்புறம் காற்றாலை என்பதைக் கொண்டாடிச் சொன்னார்கள்.

இந்த வசந்தத்தில் கல்லூரித் தலைவர் அவளைக் கூப்பிட்டார். மைதானத்துக்கு உன் பெயர் வைக்கிறோம், அடுத்த வருஷத்திலிருந்து அலுவலகத்தில் நல்ல பதவி, வெயிலில் நிற்க வேண்டாம் என்றார். பெயர்ப்பலகைகூடத் தயார். துணி சுற்றிச் சாமான் அறையில் சாத்தி வைத்திருந்தார்கள். லனெட் ஒரு நாள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அப்புறம் கடைசி ஆட்டம். ஒரு ரன் குறைவு, கடைசி இன்னிங்ஸ், இன்னும் ஒரு அவுட் ஆனால் முடிந்தது. முதல் பேஸில் ஜோலீன். குழுவிலேயே வேகமான பெண். அவளுக்குப் பின் ஆட வந்தவள் அடித்த பந்து இடது ஓரத்து வேலி வரை உருண்டது, பிடிக்கப் போன எதிரணிக்காரி நழுவவிட்டாள். ஜோலீன் இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதுக்குத் தலை தெறிக்க வந்தாள், லனெட்டின் கையைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு கையும் மேலே போயின.

ஜோலீன் கால் சறுக்கி நின்றாள். அடுத்து ஆடியவள் பந்தை நேராக வானத்துக்கு அடித்தாள், பிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

"என்னை நம்பலையா, கோச்?" என்றாள் ஜோலீன். அழவில்லை, கோபமில்லை. பதில் தெரிய வேண்டும் அவளுக்கு. லனெட் குனிந்து மட்டைகளைப் பைக்குள் திணித்தாள்.

இதில் வேடிக்கை, ஊரில் ஒருவர்கூட அவளைக் குறை சொல்லவில்லை. சரியான முடிவு, வயசுக்கேற்ற நிதானம் என்றார்கள். வான்டாவும்தான் சொன்னாள், கேட்டுப் பாருங்கள். அதுதான் லனெட்டைத் தின்றது. வீட்டுக்குள் நடந்து நடந்து கம்பளம் தேய்ந்தது. பாத்திரம் கழுவும்போது ஈரக் கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வாள்.

"ஒரு தடவைதானே நிறுத்தினே. விடேன்" என்றான் டாய்ல்.

"நான் நிறுத்தலை டாய்ல். கை தானா மேல போச்சு. அந்தப் பலகைதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. அவ ஓடி வந்ததை நான் சரியாக்கூடப் பாக்கலை."

அந்த வாரமே மேற்கே, ஓக்லஹோமா மாநிலத்தின் வால் மாதிரி நீண்ட வறண்ட பக்கத்தில், புதிதாகக் குழு தொடங்குகிற சின்னக் கல்லூரிக்கு அவளே தொலைபேசினாள். பெண்கள் முழுசாகச் சேரவில்லை, சம்பளமும் குறைவு என்றார்கள். வருகிறேன் என்றாள். தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர், "பலகையை என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

"பின்பக்கம் வெறுசாத்தானே இருக்கு, சார். ஸ்கோர் எழுதிக்கலாம்."

பிறகு ஜோலீனின் விடுதிக்குப் போனாள். "உன்னைப் பாத்திருந்தா அனுப்பியிருப்பேன். பாக்கலை. தப்பு என்னுது" என்றாள். "நான் ஹோமைத் தொட்டிருப்பேன், கோச்" என்றாள் ஜோலீன். "தெரியும்" என்றாள் லனெட்.

கிளம்புகிற காலையில் டாய்ல் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் வெள்ளைக் குழம்பும் செய்து, நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் கடையோடு இங்கேயே இருந்து, வாரக் கடைசிதோறும் அங்கே போவதாகப் பேச்சு.

"இன்னைக்காவது உக்காந்து சாப்பிடேன்."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன் டாய்ல்."

நின்றுகொண்டே தின்றாள், தட்டைக் கழுவி வைத்தாள், மட்டைப் பையைத் தோளில் மாட்டினாள். வெளியே பிக்கப் வண்டியில் கம்பிவலைத் துண்டு ஏற்கெனவே ஏறியிருந்தது. டாய்ல் முந்திக்கொண்டு வாசலில் போய் நின்று, மைதானத்தில் அவள் செய்தது போலவே இரண்டு கையையும் மேலே தூக்கினான். சிரித்துக்கொண்டுதான் தூக்கினான், கண் மட்டும் சிரிக்கவில்லை.

லனெட் வேகத்தைக் குறைக்கவில்லை. குனிந்து, அவன் கைக்கு அடியில் புகுந்து வெளியே போனாள்.