மஞ்சள் மாளிகை

நோர்வேயின் வெஸ்ட்லியில் இருக்கிற தமிழர்கள் சுவீடன் எல்லையைத் தாண்டுவது மலிவு இறைச்சிக்காக. என் கணவருக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பண்ணை மாளிகை. யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட வரைபடம் கீறிப் பிழைத்த மனிதர், அதைப் பார்க்காமல் திரும்பினால் சோறு இறங்காது. காரில் வாங்கிவந்த உறைகோழி உருகிக்கொண்டிருக்கும், இவர் யன்னல்களைக் கண்ணால் அளந்துகொண்டு நிற்பார். மூன்றறை வீட்டுக்காரருக்கு அரண்மனைக் கவலை என்று பகிடி பண்ணுவேன்.

இரும்பு உருக்கிப் பணக்காரனான ஒருவன் கட்டியதாம். நடுவில் பெரிய வீடு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் சின்ன வீடுகள், கூரை இரண்டு தட்டாகச் சரியும். எல்லாமே மரம். கல் வீடென்று ஊர் நம்பட்டும் என்று அவன் சாம்பல் நிறம் பூசினான். பின்னால் வந்தவர்கள் மஞ்சளாக்கினார்கள்.

போன வருடம் சர்க்கரை வியாதி அவருடைய கண்ணில் கை வைத்தது. ஊசி போட்டார்கள், கார் ஓட்டக்கூடாது என்றார்கள். "மங்கல்தான், ஆனா தெரியுது" என்பார். வீட்டில் மூலை முடுக்கெல்லாம் பழக்கம், தடுமாறாமல் நடந்தார். நானும் நம்பினேன். நம்பத்தான் எனக்கு விருப்பம்.

இந்த இலையுதிர்காலத்தில் நான் ஓட்டிக்கொண்டு போனேன். மாளிகை வாசலில் காரை விட்டிறங்கி நிமிர்ந்து பார்த்தேன். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, கட்டியவன் பூசிய சாம்பல் நிறத்தையே திரும்பவும் அடித்திருந்தார்கள்.

அவர் பக்கத்தில் வந்து நின்று தலையை ஆட்டி ரசித்தார்.

"பாரும், வெயிலுக்கு அந்த மஞ்சள் என்ன வடிவு!"

"ஓமப்பா, நல்ல வடிவு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து, முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்த பெண் கிட்ட வந்தாள். புதுச் சாம்பல் நிறம் பிடித்திருக்கிறதா என்று சுவீடிஷில் கேட்டாள். அதற்கு நெருங்கிய நோர்வே மொழி தெரிந்த எங்களுக்கு அது விளங்காமல் இருந்திருக்கக் கூடாதா! மிகவும் அழகு என்று அவர் மரியாதையாகப் பதில் சொன்னார். அவள் இலை கூட்டத் திரும்பிப் போனாள்.

"நீர் பயப்படுவீர் எண்டுதான் சொல்லேல்லை" என்றார். "வெளிச்சமும் நிழலும்தான் தெரியுது."

நான் அழுதேன். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து வெளியிடத்தில் என் விரலைக்கூடத் தொடாத மனிதர் அவர்.

"கையைப் பிடியும், போவம்" என்று கையை நீட்டினார்.

நான் நின்றது மற்றப் பக்கம்.