டென்னிஸ் மட்டைக்கு ஆயுத பூசை

பிரான்சில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில், குலசேகரத்தின் பலசரக்குக் கடையில், பருப்பு மூட்டைகளுக்கு மேலே ஒரு பழைய டென்னிஸ் மட்டை தொங்குகிறது. எத்தியென் ரூவே ஆடிய மட்டை. 1908இலிருந்து ஆறு வருடம் பிரான்ஸ் முழுக்கப் போய் வெளுத்து வாங்கிய மனிதர். 1914 யூனில் ஓர் இறுதியாட்டத்தை வென்றார். ஓகஸ்டில் முதல் உலக யுத்தம் தொடங்கியது, அதில் வலது கை போனது. ஆட்டமும் அத்தோடு சரி.

இதெல்லாம் கடைக்காரரின் மனைவி பூரணிக்கு மனப்பாடம். ரூவேயின் மகள் மதாம் எலீஸை அவருடைய கடைசிப் பதின்மூன்று வருடமும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டவர் பூரணிதான். தேத்தண்ணீர் ஆறும்வரை அப்பாவின் கதையே நடக்கும். அந்தப் பின்னேரங்களை நினைத்தால் பூரணிக்கு இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. சாகுமுன் மதாம் மட்டையைப் பூரணியின் கையில் கொடுத்தார்.

போன கிழமை மதாமின் பேரன் நிக்கோலா கடைக்கு வந்தான். ரூவே ஆடிய கழகத்தில் கண்காட்சியாம். மட்டையை இரவல் கேட்டான். கீழே இறக்கியதும், நரம்புகளில் படிந்திருந்த சிவப்பைத் தொட்டுப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

"கடைசி ஆட்டம் நடந்த ஆடுகளத்துச் செம்மண்," என்றான் பிரெஞ்சில். "கண்காட்சிக் குறிப்பில் இதைத்தான் முதலில் எழுதப்போகிறேன்." அப்போதே கைப்பேசியில் எழுதவும் தொடங்கினான்.

பூரணிக்குத் திக்கென்றது. மண்ணாவது கிண்ணாவது. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அவர் வைத்த குங்குமம் அது.

"சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது? பேசாமல் இரும்," என்று குலசேகரம் தமிழில் முணுமுணுத்தார். "பழுதாக்கிப் போட்டீர் எண்டு வழக்குப் போட்டாலும் போடுவான்."

"இல்லாத ஒண்டை அந்த மனுசன்ரை பேரிலை எழுத விடேலாதப்பா," என்றார் பூரணி.

நிக்கோலா பக்கம் திரும்பி, தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னார். வருடத்தில் ஒரு நாள் கருவிகளுக்கு ஓய்வு கொடுத்து, பொட்டு வைத்துக் கும்பிடுவது தங்கள் வழக்கம் என்றார். மதாம் வீட்டில் முதல் வருடம் கேட்காமலே மட்டைக்குப் பொட்டு வைத்துவிட்டாராம். மதாம் ஏசவில்லை. "கை போன பிறகு அப்பா இதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். நாங்கள் யாரும் தொட்டதில்லை," என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் பூசைக்குப் பூவை மதாமே வாங்கி வைத்திருந்தார்.

நிக்கோலா கைப்பேசியில் மண்ணைப் பற்றி எழுதிய வரியை அழித்தான்.

"அவர் வென்ற ஆட்டங்களை மட்டும்தான் பாட்டி எங்களுக்குச் சொன்னார்," என்றான். "சுவர்ப் பக்கம் திருப்பியதை உங்களிடம்தான் சொல்லியிருக்கிறார்."