வராமல் போனவர்கள்

என் மேசையில் ஒரு சிவப்பு பிளாஸ்க் இருக்கிறது. மூடியில் கீறல், கைப்பிடியில் பிளாஸ்திரி. வருகிறவர்கள் டீ என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே என்னோடு வேலை பார்த்த டாக்டரக்கா மாற்றலாகிப் போன அன்று அதை என்னிடம் கொடுத்து, "தம்பி, இதுல டீ கீ ஊத்தின, அங்கிட்டிருந்து வந்து ஒதைப்பேன்" என்றார். அதில் இருப்பது வெந்நீர். மீமிசல் பக்கத்திலிருக்கும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்குத் திருக்கை மீனின் முள் குத்திய கால்கள் அடிக்கடி வரும். தாங்குகிற சூட்டில் காலை முக்கி வைத்தால், அலறிக்கொண்டு வந்தவர் கொஞ்ச நேரத்தில் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார். அக்கா முதலில் தன் முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பார். அப்புறம்தான் அவர்கள் கால்.

நானும் டாக்டர்தான்; அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஓ.பி. முடிந்ததும், ஒரு மருத்துவ இதழுக்கு வரும் கட்டுரைகளைப் படித்து, சொல்லியிருப்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பரிசீலித்து எழுதி அனுப்புவார். சம்பளம் கிடையாது, பெயரும் வெளியே வராது. "ஏங்க்கா இந்தத் தலைவலி?" என்றால், "நாளைக்கு ஏதோ ஒரு ஊரு டாக்டர் இதப் படிச்சிட்டுத்தான ஊசியக் கையில எடுக்கப் போறாரு" என்பார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து வெந்நீர் வைத்தியத்தைப் பற்றி வேறொரு இதழுக்குக் கட்டுரை அனுப்பினோம். மேற்படிப்பு விண்ணப்பத்தில் காட்ட எனக்கு அது அவசரமாக வேண்டியிருந்தது. வலி நின்று நடந்தே போனவர்கள் திரும்பி வரவில்லை, ஆகவே குணம் என்று எழுதியிருந்தோம். அதைப் பரிசீலித்த, முகம் தெரியாத டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: வராதவர்களுக்குக் குணமாகிவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சரியாகலன்னா வராம இருப்பாங்களாக்கா? ஏசி ரூம்ல ஒக்காந்து கேக்குறாரு பாருங்க!" அக்கா சிரிக்கவில்லை. "அடுத்தவங்க கட்டுரைன்னா நானும் இதத்தான் கேட்டிருப்பேன். நம்மளுதுன்னதும் தோணவே இல்ல பாரு" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

கட்டுமாவடியில் படகுகள் வந்து சேரும் இடத்தில், எங்களிடம் வைத்தியம் பார்த்துப் போனவர்களை விசாரித்துக்கொண்டே போனோம். பலர் நன்றாகத்தான் இருந்தார்கள். எனக்குத் தெம்பு கூடிக்கொண்டே போனது. அப்புறம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். அக்கா மணலில் உட்கார்ந்து, மெதுவாக அந்தக் காலை எடுத்துப் பார்த்தார். ஒரு விரல் இல்லை. முள்ளின் துண்டு உள்ளேயே தங்கிப் பழுத்து, தஞ்சாவூரில் விரலையே எடுத்துவிட்டார்களாம்.

"எங்ககிட்ட ஏன் வரல ஐயா?"

"அம்புட்டு வலிய நிறுத்தி அனுப்புனீங்க ஆத்தா. சரியாகலன்னு எந்த மொகத்த வச்சுக்கிட்டு வந்து சொல்றது? ஒங்களுக்குச் சங்கடமா இருக்காது?"

எங்கள் மனசு நோகக் கூடாதென்று அவர் ஒரு விரலை விட்டுக்கொடுத்திருந்தார். அக்கா அந்தக் காலை மெதுவாக மணலில் இறக்கி வைத்தார். அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். மற்ற ஊர்களிலிருந்து வந்துபோன நோயாளிகளையும் தேடிப்பிடித்து, வெந்நீர் வலியைத்தான் நிறுத்தும், காயத்துக்குள் முள் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று திருத்தி எழுதுவதற்குள் என் விண்ணப்பத் தேதி தாண்டிவிட்டது. ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டில் அக்கா பங்கிலிருந்து ஒரு மீன் துண்டு என் பக்கம் கூடுதலாக வந்துகொண்டிருந்தது.

இப்போது நானும் கட்டுரைகளைப் பரிசீலிக்கிறேன். முதலில் தேடுவது வராதவர்களைத்தான். இங்கேயும், கால் துடைத்துக் கிளம்புகிற ஒவ்வொருவரிடமும், சரியாகாவிட்டால் கூச்சப்படாமல் வந்து சொல்லுங்கள் என்று நச்சரிக்கிறேன். போன வாரம் ஓர் அம்மா நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, ஒங்க வைத்தியம் சரிப்படல."

"ரொம்ப சந்தோஷம்மா, ஒக்காருங்க."

"சரிப்படலங்கிறேன், சந்தோஷங்கிறீங்க?" என்று முறைத்தார்.

பிளாஸ்க்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன்.