ஜமீனுக்காக அணைத்த சூடம்

எட்டு வயதில் எனக்கு உடம்பைவிடக் கோபம் கனம். அடிக்கடி வீட்டைவிட்டு வெளியேறுவேன். தெருமுனை வரை போய், யாரும் கூப்பிட வராததால் கோபம் இன்னும் கூடித் திரும்பி வருவேன். இப்படிப்பட்டவன் வளர்ப்பதற்கு நாயும் கிளியும் சரிப்படுமா? எனக்கு வாய்த்தது ஒரு சிலந்தி.

சிலந்தி என்றால் மோட்டுவளையில் நூல் விட்டுத் தொங்குகிற சோப்ளாங்கி இல்லை. என் உள்ளங்கையை மூடும் அளவு, உடம்பெல்லாம் ரோமம். சித்தப்பா போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டினார். ஒருநாள் இறங்கி வரும்போது இரண்டு தகர டப்பாக்கள் கொண்டுவந்தார்.

"ஏலே, ஒண்ணு ஒனக்கு. இன்னொண்ணத் திரும்பக் கொண்டுபோயி விட்டுருவேன். ரெண்டையும் சேத்து வச்சா ஒண்ண ஒண்ணு தின்னுபுடும், ஒங்கப்பனும் நானும் மாதிரி."

ஒன்று ஒல்லி. மூடியைத் திறந்ததும் ஓட்டம் பிடித்தது. மற்றது குண்டு. ஈர்க்குச்சியால் தொட்டால், வாசலில் வந்து நின்ற குடியானவனுக்குச் சைகை காட்டுவதுபோல் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டது. நான் குண்டையே எடுத்தேன். அறிவால் அல்ல, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருபவன் நான். எங்களுக்குள் ஒரு பொருத்தம் இருந்தது. ஜமீன் என்று பெயர் வைத்தேன்.

ஜமீனுக்கு மாளிகை வேண்டுமே. அடுக்களையில் பெரிய முறுக்கு டின் ஒன்று சும்மா கிடந்தது. வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஈரமண் அள்ளிவந்து நிரப்பி, பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் குகையாகக் கவிழ்த்து, கலர் பாட்டில் மூடியில் தண்ணீரும் வைத்தேன். அந்த டின் அத்தையுடையது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. அந்த வருஷம்தான் கம்பத்தில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் இந்த டின்னுமாகத் திரும்பி வந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்டால் அம்மா, "ஒடம்பு சொகமில்ல" என்பாள். இடுப்புக்கு ஒரு குடமாக இரண்டு குடம் தூக்குகிறவளுக்கு என்ன சுகமில்லையோ!

"ஏலே, பலகாரம் வைக்கிற டின்னுலயா பூச்சிய வைப்ப? அது எச்சி பட்டா மேலெல்லாம் கொப்புளம் போடும். நீ தூக்கி எறியிறியா, நான் எறியவா?"

"தொட்டுப் பாரு" என்றேன், சிலந்தியைவிட அதிகமாகச் சிலிர்த்துக்கொண்டு.

முதல்நாள் ஜமீனுக்கு இட்லி வைத்தேன், சாம்பாரோடு. ஜமீன் முகம் திருப்பிக்கொண்டது. உயிரோடு நகர்வதைத்தான் தின்னும் என்று சித்தப்பா சொன்ன பிறகு வெட்டுக்கிளியும் கரப்பானும் பிடித்துப் போட்டேன். எங்கள் வீட்டில் கரப்பானுக்குப் பஞ்சமே கிடையாது. அந்த வகையில் ஜமீன் குடும்பத்துக்கு உழைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

திடீரென்று ஒருநாள் தீனி எடுப்பதை நிறுத்திவிட்டது. வெட்டுக்கிளி அதன் தலைமேல் ஏறி நின்றாலும் அசையவில்லை. "குச்சனூர் சனீஸ்வரனுக்கு நேந்துக்கிட்டு விரதம் இருக்கும்" என்றாள் அம்மா. சனிக்கிழமை போயும் விரதம் முடிந்தபாடில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் அத்தையிடம் சண்டைக்குப் போனேன். அவளும் விளக்குமாற்றை ஓங்கி, "இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டுறேன்" என்றாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், டின்னின் மூடி விலகிக் கிடக்கிறது. காற்றுக்காகக் காலையில் அதை விலக்கி வைத்தவன் யார் என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை. உள்ளே ஜமீன் கால்களை விரித்துக் கிடந்தது. மண்டை மூடிபோலப் பெயர்ந்திருந்தது. தூக்கினால் கனமே இல்லை. பகலில் வீட்டில் இருந்தது அத்தை ஒருத்திதான்.

"கொன்னுட்டா! அத்த கொன்னுட்டா!"

தெருவே கேட்கும்படி கத்தினேன். பாத்திரங்களை உதைத்தேன். அத்தை, "நான் அந்தப் பக்கமே போகலடா" என்றாள். "பொய்யி! பொய்யி!" என்று குதித்தேன்.

வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "அக்கா, சூடத்த அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிரு. பய அடங்கிருவான்."

எங்கள் பக்கத்தில் கோழி காணாமல் போனாலும் கொலுசு காணாமல் போனாலும் கடைசித் தீர்ப்பு அதுதான். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் குலம் விளங்காது. சித்தப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சாமி மாடத்துக்கு ஓடிச் சூடக்கட்டியோடு வந்துவிட்டேன்.

அத்தை என்னைப் பார்க்கவேயில்லை. "நீ சொல்றியாடா இத?" என்று தம்பியைத்தான் கேட்டாள். பிறகு என் கையிலிருந்து சூடத்தைப் பிடுங்கித் தரையில் வைத்து, அவளே தீக்குச்சி கிழித்தாள்.

"இவன் பூச்சிய நான் தொடல."

மற்றவர்கள் பட்டென்று அடித்துக் கையை எடுத்துவிடுவார்கள். அத்தை கையை அழுத்தி அங்கேயே வைத்திருந்தாள்.

"ஏக்கா! வெளையாட்டுக்குச் சொன்னேங்க்கா!"

"எல்லாரும் வெளையாட்டுக்குத்தான் சொல்றாக" என்று எழுந்து போனாள்.

எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. சூடம் பழசு, சக்தி போயிருக்கும் என்று முடிவுகட்டினேன். முருங்கை மரத்தடியில் ஜமீனைப் புதைத்துப் பூப்போட்டேன். அத்தை போட்ட சோற்றைத் தின்ன மறுத்தேன். அவள் அந்தப் பக்கம் போனதும் சட்டியிலிருந்து நானே போட்டுத் தின்றேன்.

ஒருநாள் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை குரல் கொடுத்தாள். "ஏலே, இங்கன பாரு. ஒன் ஜமீன் பரண்ல குந்தியிருக்கான்."

முன்னைவிடப் பெரிதாக, கருப்பு வெல்வெட்டு சட்டை போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது.

"அது வேற ஆளு. அவன் அண்ணன். பழிவாங்க வந்திருக்கான்" என்றேன்.

"பாம்பு சட்ட உரிக்கிற மாதிரிதான்டா இதுவும்" என்றார் சித்தப்பா. "நீ பொதச்சது சட்டைய."

ஒரு பழைய சட்டைக்கு நான் அழுத அழுகையை நினைத்து என்மேலேயே கோபம் வந்தது. வீட்டில் யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தையே கட்டுப் போட்ட கையால் முறத்தைப் பிடித்து ஜமீனை மெல்லத் தள்ளி இறக்கி, தன் முறுக்கு டின்னில் விட்டு மூடினாள்.

சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "கை இன்னும் எரியுதாக்கா?"

"இதுக்கென்ன? கம்பத்துல சூடத்த அணைச்சு அணைச்சுப் பழகின கைதான்."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவப் போனார். துணிக்கட்டை மாற்ற அத்தை அவிழ்த்தபோது எட்டிப் பார்த்தேன். புதுக் கொப்புளத்தைச் சுற்றி, வட்ட வட்டமாகப் பழைய வடுக்கள்.

கம்பத்தில் அத்தை வீட்டிலும் யாரோ சிலந்தி வளர்த்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "அது என்னத்தத் தின்னுச்சு அத்த?" என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஓங்கிக் குட்டினாள்.

நியாயமான ஒரு கேள்விக்கு எதற்குக் குட்டு? அன்று மறுபடியும் கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போனேன்.